அகலத்தை அளந்த பிறகே திரை: வீட்டு விர்ச்சுவல் பின்பால் பெட்டி பற்றிய கேள்வி – பதில்

சாய்ந்த தளத்தில் உருளும் பந்தை அடித்து மதிப்பெண் சேர்க்கும் ஆட்டம் பின்பால். அதன் நிஜ இயந்திரத்தின் மரப்பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர். பந்து ஓடும் தளம் இருக்க வேண்டிய இடத்தில் படுக்கவைத்த பெரிய திரை, நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியில் இன்னொரு திரை, மதிப்பெண்ணுக்கு முடிந்தால் மூன்றாவது திரை. இதுதான் விர்ச்சுவல் பின்பால் பெட்டி. இதைக் கட்டப் புறப்பட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை திரையைப் பற்றியவை. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

கேள்வி: எத்தனை அங்குலத் திரை வாங்குவது? 40, 43, 48 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெட்டியைக் கட்டிவிட்டுத் திரை வாங்கலாமா, திரையை வாங்கிவிட்டுப் பெட்டி கட்டலாமா?

பதில்: திரை முதலில் கைக்கு வரட்டும், அதன் பிறகு மரத்தை அறுங்கள். விளம்பரத்தில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. திரையைத் திருப்பிப் படுக்கவைக்கப் போகிறீர்கள். ஆகவே டிவி நிற்கும்போது அதன் உயரம் எதுவோ, அதுதான் பெட்டிக்குள் அதன் அகலம். அந்த ஓர் எண்ணைக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

16:9 திரையில் படம் தெரியும் பகுதியின் உயரம், மூலைவிட்ட அளவில் 0.49 மடங்கு, நீளம் 0.87 மடங்கு. 40 அங்குலத் திரையில் இது 19.6க்கு 34.9 அங்குலம். 43 என்று விற்கப்படுவதில் பல உண்மையில் 42.5 அங்குலம்தான், படப் பகுதி 20.8க்கு 37 அங்குலம், அதாவது ஏறக்குறைய 53 செ.மீ.க்கு 94 செ.மீ. 48 அங்குலத்தில் 23.5க்கு 41.8. இத்துடன் சுற்றுச் சட்டத்தையும் சேர்க்க வேண்டும். 43 அங்குல டிவி பலவற்றில் ஸ்டாண்டு இல்லாத வெளி உயரம் 56 செ.மீ. அளவில் வருகிறது. ஸ்டாண்டைக் கழற்றிய வெளி அளவு விவரப் பட்டியலில் தனியாக இருக்கும். பார்க்க வேண்டிய வரி அதுதான்.

இனி பெட்டி. 1990களின் வில்லியம்ஸ், பாலி நிறுவன இயந்திரங்களின் சாதாரணப் பெட்டி வெளியே 22 அங்குலம், உள்ளே 20.5 அங்குலம், அதாவது 52 செ.மீ. அகலப் பெட்டி உள்ளே 23.25 அங்குலம், சுமார் 59 செ.மீ. சாதாரணப் பெட்டிக்குள் 43 அங்குல டிவி சட்டத்தோடு நுழையவே நுழையாது. 40 அங்குலம் நுழையும், அதுவும் சட்டம் மெல்லியதாக இருந்தால். அகலப் பெட்டியில் 43 அங்குலம் இருபுறமும் ஒரு செ.மீ.க்கு மேல் இடைவெளியோடு உட்காரும்.

இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில், உள் அகலம் 57 செ.மீ. என்று வைத்துக் கட்டுவதும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் அதன் விளைவைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். முன்பக்கம் கண்ணாடியைப் பூட்டும் லாக்டவுன் பார் இந்த இரண்டு அகலங்களுக்குத்தான் தயாராகக் கிடைக்கும். நடு அளவு என்றால் உலோகப் பட்டறையில் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும். கண்ணாடியும் தனியாக வெட்ட வேண்டும். வெட்டிய பிறகுதான் அதை டெம்பர் செய்ய முடியும், டெம்பர் ஆன கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. ஒரு செ.மீ. தவறினாலும் புதிய கண்ணாடிதான்.

பக்கப் பலகையில் ரவுட்டரால் காடி எடுத்து, திரையின் விளிம்பை அதற்குள் நுழைப்பது இன்னொரு வழி. 18 மி.மீ. பிளைவுட்டில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே பக்கத்துக்கு 9 மி.மீ., மொத்தம் 18 மி.மீ.தான் கூடுதலாகக் கிடைக்கும். 52 செ.மீ. உள் அகலம் 53.8 ஆகும். கொஞ்சம் தடித்த சட்டமுள்ள 40 அங்குல டிவியை இது காப்பாற்றும். 43 அங்குல டிவியைக் காப்பாற்றாது. எந்த வழியானாலும் இருபுறமும் குறைந்தது 3 மி.மீ. விடுங்கள். ஆடும்போது பெட்டியைத் தட்டுவீர்கள். அந்த அதிர்ச்சி திரையின் விளிம்புக்கு நேராகப் போகக் கூடாது.

நீளத்தில் வேறொரு சங்கதி இருக்கிறது. பல நிஜ இயந்திரங்களில் தளம் 20.25க்கு 42 அங்குலம். நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். 16:9 திரையோ 1.78 மடங்கு. எனவே அகலம் சரியாகப் பொருந்தினால் நீளத்தில் 5, 6 அங்குலம் மிச்சப்படும். அந்த மிச்சத்தை முன்புறமும் பின்புறமும் எப்படிப் பங்கிடுவது என்பதை பிளஞ்சர், அதாவது பந்தை எய்ய இழுத்துவிடும் கம்பி, முடிவு செய்யட்டும். நிஜ பிளஞ்சர் பொருத்துவதானால் அதன் கம்பியும் ஸ்பிரிங்கும் சில அங்குலம் உள்ளே நீண்டிருக்கும், சரியாகத் திரையின் முன் மூலைக்கு அடியில். திரையைப் பின்னால் தள்ள வேண்டும், அல்லது பிளஞ்சருக்கு மேலே உயர்த்த வேண்டும். முன்புற இடைவெளியை நிஜ இயந்திரத்தில் இருப்பதுபோல் சாய்ந்த தகடு போட்டு மூடி, விதிமுறை அட்டை ஒட்டலாம். பின்புற இடைவெளி மின்னல் விளக்குகளுக்கு அருமையான இடம்.

கேள்வி: டிவியா, மானிட்டரா? 4கே கட்டாயமா? 120 ஹெர்ட்ஸ் என்று கூடுதல் செலவு செய்வதில் பொருள் உண்டா?

பதில்: செலவு செய்ய ஓர் இடம்தான் உண்டு என்றால், பிக்ஸலுக்கு முன் வேகத்துக்குச் செலவு செய்யுங்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பின்பால் பந்தின் விட்டம் 27 மி.மீ. ஃப்ளிப்பரில் (பட்டனை அழுத்தினால் எழுந்து பந்தை அடிக்கும் துடுப்பு) அடிபட்டு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பந்து 33 மி.மீ. தாவுகிறது. தன் உடம்பைவிட அதிக தூரம். கண்ணுக்கு அது ஒரே பந்தாக ஓடுவதாகத் தெரியாது. வரிசையாக வைத்த பல பந்துகள்போலத் தெரியும். 120 ஹெர்ட்ஸில் அந்தத் தாவல் 17 மி.மீ.; பந்துகள் ஒன்றோடொன்று மேற்படிகின்றன, ஓட்டம் ஒட்டிக்கொள்கிறது. வேறு பல விளையாட்டுகளில் ஆடம்பரமாக இருக்கும் 120 ஹெர்ட்ஸ் இங்கே அடிப்படைத் தேவைக்கு மிக அருகில் வருவது இதனால்தான்.

4கே வேண்டாம் என்று சொல்லவில்லை. 43 அங்குலத்தில் 1080பி என்றால் அங்குலத்துக்கு 52 பிக்ஸல். நின்று குனிந்து பார்க்கையில் முன்பாதியில் கட்டம் கட்டமாகத் தெரியும், தளத்தில் அச்சிட்ட சின்ன எழுத்துகளைப் படிக்க முடியாது. 4கேயில் அங்குலத்துக்கு 104. வித்தியாசம் பெரிது. 40 அங்குலத்துக்குக் கீழே 1080பி பொறுத்துக்கொள்ளக்கூடியது.

இரண்டும் சேர்ந்த திரை, அதாவது 4கேயும் 120 ஹெர்ட்ஸும், டிவியிலும் கிடைக்கிறது, 43 அங்குல மானிட்டரிலும் கிடைக்கிறது. இங்கே மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, பெட்டியின் மேல் 'மோஷன் ரேட் 120' என்று அச்சிட்டிருப்பது 120 ஹெர்ட்ஸ் ஆகாது. 60 ஹெர்ட்ஸ் பேனலுக்கு அப்படிப் பெயர் சூட்டுவது வழக்கம். 'நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட்' என்ற வரியைத் தேடுங்கள்.

இரண்டாவது, இணைப்பு. 4கேயை 120 ஹெர்ட்ஸில் முழு வண்ணத்தோடு கொண்டுசெல்ல எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.4. எச்டிஎம்ஐ 2.0 என்றால் 4கே 60 வரைதான் முழு வண்ணம். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கேயில் 30தான். பழைய கேபிளையோ பழைய கார்டையோ மாட்டிவிட்டு, படம் இழுக்கிறது என்று திரையைக் குறை சொல்வது பெரும்பாலும் இந்த 30 ஹெர்ட்ஸ் விவகாரம். டிவிகளில் டிஸ்ப்ளே போர்ட் அநேகமாக இருக்காது. ஆகவே 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினால் கிராஃபிக்ஸ் கார்டும் எச்டிஎம்ஐ 2.1 உள்ளதாக இருக்க வேண்டும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்தும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்தும் அது வருகிறது. டிவியின் பின்னால் நான்கு எச்டிஎம்ஐ இருந்தாலும் அத்தனையும் 2.1 என்று நம்ப வேண்டாம். ஒன்றோ இரண்டோதான் 120ஐ ஏற்கும் மாடல்கள் நிறைய. துளைக்குப் பக்கத்திலேயே குறித்திருக்கும்.

மூன்றாவது, கார்டின் சக்தி. 1080பியைவிட 4கேயில் பிக்ஸல் 4 மடங்கு. அதை 120 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 60 ஹெர்ட்ஸ் 1080பியோடு ஒப்பிட 8 மடங்கு வேலை. கார்டு திணறினால் 4கே 120ஐவிட 1080பி அல்லது 1440பி 120 நன்றாக ஆடும். திரை அப்படியே இருக்கட்டும். கார்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

டிவியா, மானிட்டரா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: மின்சாரம் வந்ததும் தானே எழுவதிலும் தாமதம் குறைவாக இருப்பதிலும் மானிட்டர் நல்லது; அளவிலும் மெல்லிய சட்டத்திலும் டிவிக்குத் தெரிவுகள் அதிகம்.

கேள்வி: புது 4கே டிவியை மாட்டிவிட்டேன். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஃப்ளிப்பர் எழுகிறது. பட்டன் கோளாறா, கம்ப்யூட்டர் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை, டிவி படத்தை அழகுபடுத்திக்கொண்டிருக்கிறது. சினிமா பார்க்கும் அமைப்பில் டிவி ஒவ்வொரு படத்தையும் பிடித்துவைத்து, இரைச்சல் நீக்கி, நடுவே புதுப் படங்களைச் செருகி அனுப்புகிறது. அதற்கே 100 மில்லி நொடிவரை போய்விடலாம். டிவி மெனுவில் கேம் மோடை இயக்குங்கள். எல்ஜி, சாம்சங் டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரையோ ஐகானையோ 'பிசி' என்று மாற்றினால் வண்ணம் குறையாமல் வருவதோடு தேவையற்ற வேலைகளும் நிற்கும். கேம் மோடு அந்தந்த இன்புட்டுக்குத் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் மறுபடியும் இயக்க வேண்டும். மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்ஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு அளந்து பாருங்கள். 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதியுள்ள செல்போன் போதும். பட்டனும் ஃப்ளிப்பரும் ஒரே காட்சியில் தெரியும்படி வைத்து, பட்டனை பத்துத் தடவை அழுத்திப் படம் பிடியுங்கள். விரல் பட்டனை அமுக்கி முடித்த படத்திலிருந்து ஃப்ளிப்பர் அசையத் தொடங்கும் படம்வரை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 4.2 மில்லி நொடி. 12 படம் என்றால் 50 மில்லி நொடி. பத்துத் தடவையின் சராசரியை எடுங்கள். ஒரே தடவை அளந்தது ஏமாற்றும். 50க்குள் வந்தால் ஆட்டம் கையோடு ஒட்டும். 80ஐத் தாண்டினால் பந்தைப் பிடித்து நிறுத்துவதே பாடு.

கேம் மோடுக்குப் பிறகும் அதிகமாக இருந்தால் வி-சிங்க் பக்கம் திரும்புங்கள். படம் கிழியாமல் இருக்க அது ஒன்றிரண்டு படங்களை வரிசையில் நிறுத்துகிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி நொடி. இரண்டு நின்றால் 33 போயிற்று. 120 ஹெர்ட்ஸில் அதே இரண்டு படத்துக்கு 17தான். திரையும் கார்டும் விஆர்ஆர் (கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) ஏற்குமானால் அதை இயக்கினால் இந்தக் காத்திருப்பு இன்னும் குறையும்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். எல்சிடி திரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படத்தை மாற்றுகிறது. திரையைத் திருப்பிப் படுக்கவைத்தால் அந்த ஓட்டம் பக்கவாட்டில் போகிறது. டிவியின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்து ஃப்ளிப்பர் முதலில் புதுப்பிக்கப்படும். 60 ஹெர்ட்ஸில் இடதுக்கும் வலதுக்கும் 5 மில்லி நொடி வித்தியாசம் வரலாம். அளக்கும்போது ஒரு பக்கம் கூடுதலாக வந்தால் பட்டனைச் சந்தேகித்துக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்ற பேனல் வகைகளில் எது?

பதில்: இந்தப் பெட்டியில் திரையை யாரும் நேராகப் பார்ப்பதில்லை. நின்றுகொண்டு, ஒரு குறுகிய முனையிலிருந்து பார்க்கிறீர்கள். ஃப்ளிப்பர் பகுதியைப் பார்வை ஏறக்குறைய செங்குத்தாகத் தொடுகிறது; தூர முனையைப் பார்க்கும்போது கோணம் 60 டிகிரியை நெருங்குகிறது. ஒரே நேரத்தில் ஒரே திரையில் இவ்வளவு கோண வேறுபாடு வேறு எந்தப் பயன்பாட்டிலும் கிடையாது.

விஏ பேனல் நேராகப் பார்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும். சாய்ந்து பார்த்தால் வெளுக்கும். தளத்தின் மேல்பாதி எப்போதும் லேசான பனி படிந்ததுபோல் தெரியும். சில விஏ பேனல்களில் இருண்ட இடத்தில் ஓடும் பந்துக்குப் பின்னால் கறுப்பு வால் ஒன்று தொடர்வதையும் பார்க்கலாம். ஐபிஎஸ்ஸில் நிறம் கோணத்தால் அதிகம் மாறாது. கறுப்பு மட்டும் சாம்பல் சாயல் அடிக்கும். அறையில் விளக்கு எரிய ஆடுபவருக்கு ஐபிஎஸ் என்று தயங்காமல் சொல்லலாம். டிஎன் பேனல் எந்த நிலையிலும் வேண்டாம். அதன் பலவீனமான மேல்-கீழ்க் கோணம் திருப்பியதும் இட-வலக் கோணமாகிவிடும். இரண்டு கண்ணுக்கும் இரண்டு நிறம் தெரிந்து தலை வலிக்கும்.

ஓஎல்இடி பார்வைக்கு எல்லாவற்றையும் வென்றுவிடும். கோணத்தால் நிறம் மாறாது, கறுப்பு கறுப்பாகவே இருக்கும், பந்தின் விளிம்பு மங்காது. 42 அங்குலத்தில் எல்ஜி முதன்முதலாக 2022இல் கொண்டுவந்தது. அதற்கு முன் 48தான் சிறியது என்பதால் பெட்டி கட்டுபவர்களுக்கு அது பயன்படாமல் இருந்தது. ஆபத்து, படம் பதிந்துபோவது. பின்பாலில் தளமும் ஓரங்களும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். அசைவது பந்தும் விளக்குகளும்தான். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரே மேசையை (பின்பால் ஆட்டத்தை) நாள் முழுக்க ஆடாமல் மாற்றி மாற்றி ஆடி, தேர்வு மெனு நின்றால் ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி வைத்தால் ஓஎல்இடி தாங்கும். விருந்தினருக்காக நாளெல்லாம் ஓடவிடும் பெட்டி என்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: டிவியின் சுற்றுச் சட்டத்தைக் கழற்றி வெறும் பேனலை மட்டும் வைக்கலாமா? ஒரு செ.மீ. மிச்சமாகும்போல் இருக்கிறது.

பதில்: ஒரு செ.மீ.க்காக என்றால் வேண்டாம். இன்றைய டிவிகளில் சட்டமே ஒரு செ.மீ.தான், பலவற்றில் அந்தச் சட்டம்தான் கண்ணாடியையும், ஒளியைப் பரப்பும் தாள்களையும், பின்தகட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கழற்றினால் தாள்கள் நழுவி ஓரத்தில் வெளிச்சம் கசியும். பேனலின் ஒரு விளிம்பில் மெல்லிய ரிப்பன் இணைப்புகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒன்று மடங்கினாலும் திரை முழுக்கக் கோடு. அந்தக் கோட்டைச் சரிசெய்ய வழியில்லை.

கழற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் இரண்டு மூன்று வாரம் டிவியை அப்படியே ஓட்டுங்கள். இறந்த பிக்ஸல், மின்கோளாறு எல்லாம் வாரண்டி இருக்கும்போதே வெளிப்படட்டும். பிறகு மின் இணைப்பைப் பிடுங்கி, சில மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். பவர் போர்டின் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும், அதைக் கையால் தொடக் கூடாது. ரிமோட் கண்ணும் பவர் பட்டனும் சட்டத்தோடு ஒட்டிய சிறு போர்டில் இருக்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டால் டிவியை இயக்கவே முடியாது. பேனலை மூலையைப் பிடித்து ஒருவராகத் தூக்க வேண்டாம்.

சட்டம் கண்ணை உறுத்துகிறது என்பதுதான் குறை என்றால், கறுப்பு வெல்வெட் துணியோ மெல்லிய கறுப்புத் தகடோ ஒட்டினால் கண்ணாடிக்கு அடியில் அது மறைந்துவிடும்.

கேள்வி: பெட்டிக்கு ஒரே சுவிட்ச் வைத்திருக்கிறேன். போட்டால் கம்ப்யூட்டர் எழுகிறது, தளத் திரை மட்டும் தூங்குகிறது. ரிமோட்டால் எழுப்பினால் பேக்கிளாஸ், அதாவது தலைப்பெட்டித் திரையின் படம் தளத்தில் வந்து நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டும் ஒரே நோய். பல டிவிகள் மின்சாரம் வந்ததும் ஸ்டாண்ட்பையில்தான் நிற்கும். டிவி தூங்கும்போது கம்ப்யூட்டர் எழுந்தால், இல்லாத திரையை விட்டுவிட்டு விண்டோஸ் மற்றத் திரைகளுக்கு எண்ணையும் இடத்தையும் கொடுத்துவிடுகிறது. நீங்கள் ரிமோட்டை அழுத்துவதற்குள் பங்கு பிரித்தாகிவிட்டது.

வாங்குவதற்கு முன்பே சோதிக்க முடிந்தால் நல்லது: டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி செருகுங்கள். தானே படம் வந்தால் அந்த மாடல் பெட்டிக்கு ஏற்றது. வராவிட்டால் மெனுவில் 'பவர் ஆன் மோடு', 'லாஸ்ட் ஸ்டேட்' போன்ற அமைப்பைத் தேடுங்கள். சில டிவிகளில் அது ஹோட்டல் மோடு என்ற மறைவான மெனுவில் இருக்கும். அதுவும் இல்லையென்றால், மின்சாரம் வந்த சில நொடியில் ரிமோட்டின் பவர் சிக்னலை அனுப்பும் ஐஆர் எல்இடி ஒன்றை டிவியின் கண்ணுக்கு எதிரே ஒட்டலாம். பெட்டிகளில் பலர் பயன்படுத்தும் பின்ஸ்கேப் கண்ட்ரோலரில் இந்த வசதி இருக்கிறது.

திரை எண் குழம்பாமல் இருக்க, தூங்கும் திரையின் கேபிளில் இடிஐடி எமுலேட்டர் என்ற சிறு இணைப்பியைச் செருகினால், திரை அணைந்திருந்தாலும் இருப்பதாகவே கம்ப்யூட்டர் நம்பும். 4கே 120 ஓட்டுபவர் அந்த இணைப்பியும் அந்த வேகத்தைத் தாங்குவதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பிறகு விண்டோஸ் அமைப்பு. தளத் திரைதான் முதன்மைத் திரை, இடது ஓரத்தில். அதன் வலப்பக்கம் பேக்கிளாஸ், அதற்கும் வலப்பக்கம் டிஎம்டி என்ற மதிப்பெண் திரை. மூன்றின் மேல் விளிம்பும் ஒரே கோட்டில். தளம் 4கே என்றால் பேக்கிளாஸ் 3840ஆவது பிக்ஸலில் தொடங்கும். மூன்றிலும் ஸ்கேலிங் 100 சதவீதம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 4கே திரையை விண்டோஸ் தானாக 150, 300 என்று பெரிதாக்கி வைக்கும், பேக்கிளாஸ் படத்தைக் காட்டும் பேக்கிளாஸ் சர்வர் மென்பொருள் படிக்கும் ஸ்க்ரீன்ரெஸ் என்ற திரை அளவுக் கோப்பின் கணக்கெல்லாம் அதனால் தப்பிவிடும். எல்லாத் திரைகளும் ஒரே கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கட்டும். துளை போதவில்லை என்று ஒன்றை மதர்போர்டில் செருகினால் படம் விட்டுவிட்டு ஓடலாம்.

விண்டோஸ் திரையை நெட்டுவாக்கில் திருப்ப வேண்டாம். குறுக்காகவே இருக்கட்டும், ஆட்டத்தை ஓட்டும் விஷுவல் பின்பால் மென்பொருள் தன் படத்தைத் தானே திருப்பிக்கொள்ளும். டிவியை எந்தப் பக்கமாகப் படுக்கவைப்பது என்பதை, எச்டிஎம்ஐ துளைகள் பக்கப் பலகையில் முட்டாத பக்கம் எதுவோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். படம் தலைகீழாக வந்தால் விண்டோஸில் 'லேண்ட்ஸ்கேப் ஃப்ளிப்டு' போதும்.

புது டிவியை மாட்டியதும் சத்தம் நின்றுபோனால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஒலியை எச்டிஎம்ஐக்கு மாற்றியிருக்கும்.

கேள்வி: பேக்கிளாஸுக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன திரை?

பதில்: பேக்கிளாஸுக்கு 1080பி, 60 ஹெர்ட்ஸ் போதும், அது பெரும்பாலும் நிற்கும் படம். நிஜ இயந்திரத்தில் அந்தப் படம் 27க்கு 18.9 அங்குலம், அதாவது 4:3க்குக் கொஞ்சம் அகலம். அகலத்திரையில் அதை முழுக்க நிரப்பினால் முகங்கள் பருத்துப்போகும். 16:10 மானிட்டர் கிடைத்தால் படம் இயல்பாக இருக்கும். 32 அங்குலத் திரையின் படப் பகுதியே 27.9 அங்குல அகலம். நிஜ அளவுத் தலைப்பெட்டிக்குள் அது நுழையாது. 27, 28 அங்குலம் நுழையும்.

மதிப்பெண் பலகையில் 1990களின் இயந்திரங்கள் 128க்கு 32 புள்ளி காட்டின; விகிதம் 4:1. பழைய லேப்டாப்பின் 15.6 அங்குலப் பேனலைக் கழற்றி, அதன் மாடல் எண்ணுக்கு ஏற்ற கண்ட்ரோலர் போர்டு சேர்த்தால் 13.6 அங்குல அகலத்தில் 3.4 அங்குல உயரமுள்ள பட்டை கிடைக்கும். மீதியைத் தகட்டால் மூடலாம். புள்ளிகள் நிஜமாகவே ஒளிர வேண்டும் என்பவர் 64க்கு 32 எல்இடி பேனல் இரண்டை அருகருகே வைக்கலாம். பி2.5 வகையில் இரண்டும் சேர்ந்து 32 செ.மீ.க்கு 8 செ.மீ. அவற்றை இயக்க பின்2டிஎம்டி, இசட்இடிஎம்டி என்று இரண்டு வழிகள் உள்ளன. அந்த ஆரஞ்சு ஒளியின் உயிர்ப்பு எல்சிடியில் வராது. ஆனால் 7 இலக்க எண் காட்டிய அதற்கு முந்தைய இயந்திரங்களையே அதிகம் ஆடுபவருக்கு எல்சிடிதான் வசதி. எண் பலகைகளை வேண்டிய இடத்தில் வரைந்துகொள்ளலாம்.

கேள்வி: பளபளப்புத் திரையா, மங்கல் திரையா?

பதில்: மேலே கண்ணாடி போடுவதாக இருந்தால் எதுவானாலும் ஒன்றுதான். பிரதிபலிப்பு கண்ணாடியிலிருந்து வரும். தலைக்குப் பின்னால் இருக்கும் விளக்கை இடம் மாற்றுங்கள்.

கேள்வி: அரை மணி ஆடியதும் தளத் திரை மங்கிவிடுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது.

பதில்: முதலில் எனர்ஜி சேவிங், ஆம்பியன்ட் லைட் சென்சார் இரண்டையும் அணையுங்கள். பெட்டிக்குள் டிவியின் ஒளிக்கண் இருட்டைத்தான் பார்க்கிறது. இரவு என்று எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஓஎல்இடி என்றால் அசையாத படத்தைக் கண்டு தானே மங்கும் பாதுகாப்பு ஒன்று உண்டு, அது கோளாறல்ல.

அதற்குப் பிறகும் மங்கினால் வெப்பம். சுவரில் நிற்பதற்காகச் செய்யப்பட்ட டிவி, படுத்த நிலையில் தன் சூட்டைத் தன் அடியிலேயே தேக்குகிறது. கீழிருந்து கம்ப்யூட்டரின் சூடும் சேர்கிறது. பின்பலகையின் மேல்பகுதியில் 120 மி.மீ. விசிறி இரண்டு வெளியே இழுக்கும்படியும், தரைப் பலகையில் அதே அளவு திறப்பு காற்றை உள்ளே விடும்படியும் வையுங்கள். திரைக்கும் அதன் அடியில் உள்ள எதற்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். திரையை அதன் பின்புறத்து வெசா (சுவரில் மாட்டும்) துளைகளில் குறுக்குக் கட்டையோடு இணைத்து, பின்முனையில் கீல் வைத்துத் தூக்கும்படி செய்தால் விசிறியைத் துடைக்கவும் கேபிளைப் பார்க்கவும் திரையைக் கழற்ற வேண்டியதில்லை. வெசா ஸ்க்ரூ எம்4, எம்6, எம்8 என்று மாடலுக்கு மாடல் மாறும். நீளம் அதிகமானால் முனை உள்ளே போர்டைக் குத்தும். கையேட்டில் உள்ள ஆழத்தோடு கட்டையின் தடிமனைக் கூட்டி வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் பழைய 32 அங்குல 1080பி டிவி சும்மா இருக்கிறது. அதை வைத்துத் தொடங்கலாமா?

பதில்: தாராளமாக. படப் பகுதி 15.7க்கு 27.9 அங்குலம், அகலத்தில் நிஜத் தளத்தின் முக்கால் அளவு. அதற்கேற்ற சின்னப் பெட்டி கட்டினால் கண்ணுக்குக் குறையாகத் தெரியாது, கார்டுக்கும் வேலை குறைவு. ஆனால் இரண்டைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய 32 அங்குல டிவிகளில் பல 1366க்கு 768 பேனல்; 1080பி சிக்னலை ஏற்றுச் சுருக்கிக் காட்டும், எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அதுதான். மற்றது ஓவர்ஸ்கேன்: படத்தின் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டால் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்ற அமைப்பைப் போடுங்கள். கேம் மோடு இல்லாத டிவியாக இருந்தால், செல்போனால் தாமதத்தை அளந்த பிறகே பெட்டிக்கு மரம் வாங்குங்கள்.